மழை உறைய வைத்த பால்

எங்கள் தோட்டத்தில் ஆசிட் என்றாலே என் பெயர்தான். பதினோரு வருடத்துக்கு மேல் பால் ஸ்டோரில் ஆசிட் கலந்தவன் நான். மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர்கள் கொண்டுவந்து கொட்டும் ரப்பர் பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, தொட்டியில் நிரப்பி, ஆசிட் ஊற்றி உறைய வைப்பது என் வேலை. ஆசிட் குறைந்தால் பால் உறையாது. கூடினால் ரப்பர் ஷீட்டு விறைத்துப் போகும். வெயில் நாளுக்கு ஓர் அளவு, மழை நாளுக்கு ஓர் அளவு. கைக்குப் பழகிப்போன கணக்கு அது. கிராணி மனோகரன், எங்கள் ஸ்டோருக்குப் பொறுப்பானவர், ஒருமுறை மானேஜரிடம், "லியோனார்ட் கை வச்சா பால் சொன்னபடி கேக்கும்" என்று சொன்னார். அதை நான் பத்துப் பேரிடமாவது திரும்பச் சொல்லியிருப்பேன். எனக்கு அந்தத் திமிர் உண்டு.

ஆசிட் கையில் பட்டுத் தோல் உரிந்திருக்கிறது. கண்ணில் தெறித்து ஒரு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். அப்போதெல்லாம் நான் பயந்ததில்லை. நான் பயந்தது 1983இல். அதுவும் மழைக்கு.

அந்த வருடம் ஜனவரியில் சிரில் பிறந்தான். எனக்கும் ஜோனுக்கும் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அதற்கு முன் இரண்டு முறை கருவிலேயே போய்விட்டது. மூன்றாவது முறை ஜோன் ஒன்பது மாதமும் மாடிப்படி கூட ஏறவில்லை. எங்கள் லயத்து வீட்டுக்கு ஏது மாடி என்று நான் கிண்டல் செய்வேன். அவள் சிரிக்க மாட்டாள். பிள்ளை முழுசாகப் பிறந்து அழுத பிறகுதான் சிரித்தாள்.

அவளுக்குத் தாய்ப்பால் போதவில்லை. டின் பால் மாவுதான் கொடுக்க வேண்டியிருந்தது. மாவு கரைக்க எந்தத் தண்ணீர் என்பதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. தோட்டத்துக் குழாய்த் தண்ணீர் ஆற்றிலிருந்து வருவது. காலையில் ஒரு மணி நேரம், தேத்தண்ணி நிறத்தில் வரும். ஸ்டோரில் தொட்டி கழுவிய கழிவெல்லாம் அதே ஆற்றில்தான் மேலே கலக்கிறது. கழுவி விடுபவனே நான்தான். என் பிள்ளைக்கு அந்தத் தண்ணீரா?

"கொதிக்க வச்சா எல்லாம் சரியாயிடும்ங்க. எல்லா வீட்டுலயும் இதத்தானே குடுக்குறாங்க" என்றாள் ஜோன்.

"எல்லா வீட்டுக்காரனும் ஸ்டோர்ல வேல செய்யலியே. நான் செய்யிறேன். எனக்குத் தெரியும். மழத்தண்ணி பிடிப்போம். மேலேருந்து வர்றதுல எவன் போயி கழிவு கலக்கப் போறான்?"

ஸ்டோரிலிருந்து ஒரு நீல டிரம் கொண்டுவந்தேன். ஆசிட் வந்த டிரம்தான். ஏழு முறை கழுவினேன். பத்து நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தேன். மோந்து பார்த்தால் ஒரு வாடையும் இல்லை. தகரக் கூரையின் ஓரத்தில் தண்ணீர் வடியப் பீலி கட்டி, அதன் வாயில் டிரம்மை வைத்து, மேலே வெள்ளைத் துணியும் கட்டினேன். லயத்தில் மற்றவர்கள் துணி துவைக்க மழைத்தண்ணீர் பிடித்தார்கள். நான் பிள்ளைக்குப் பிடித்தேன். ஜோன் அதைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, மறுபடியும் கொதிக்க வைத்துத்தான் பால் கரைப்பாள்.

திகாம் பத்து ஊர்ப் பக்கம், மேட்டுக்கு அந்தண்டை, முந்தின வருடம்தான் ஒரு தொழிற்சாலை வந்திருந்தது. பழைய கார் பேட்டரிகளை லோரி லோரியாகக் கொண்டுவந்து உருக்கினார்கள். விடியற்காலையில் மரம் வெட்டப் போகிறவர்களுக்குத் தொண்டை கமறும். நெருப்புக்குச்சி அணைத்த வாடை. ஒரு வாரம் அதைப் பேசினோம். பிறகு பழகிவிட்டது. மனிதனுக்கு எதுதான் பழகாது.

ஏப்ரலில் மழை பிடித்துக்கொண்டது. முதலில் பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்காவின் கீரைப் பாத்தி கெட்டது. அக்கா வெட்டுக்காரி. புருஷன் இல்லை. வாய் மட்டும் நாலு ஆளுக்குச் சமம். ஒருநாள் கீரைக் கட்டைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். இலை முழுக்க வெள்ளைப் புள்ளி, ஓரமெல்லாம் கருகல்.

"பாரு தம்பி. எவளோ கண்ணு வச்சிட்டா."

"ஒங்க கண்ணே போதும்க்கா. வேற எவ கண்ணு வேணும்?" என்றேன். அக்கா அந்தக் கீரையாலேயே என்னை அடித்தார்.

பிறகு லயத்துக்குக் கீழே இருந்த குட்டையில் கெளுத்தி மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. எங்கள் கூரைத் தகரம் மாற்றி இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதில் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெள்ளை படர்ந்து, அது உதிர்ந்த இடத்தில் துரு ஏறியது. கொடியில் மழை நனைத்த போர்வையை உதறினால் நூல் கையோடு வந்தது. இதையெல்லாம்விட என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. மழை விட்ட பிறகு தவளை கத்தவில்லை. அந்தக் குட்டைத் தவளைகளைத் திட்டாமல் நான் தூங்கிய நாளே கிடையாது. அந்த வருடம் மழை நின்றதும் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. ஜோனிடம் சொன்னேன். "நிம்மதியா தூங்குங்களேன்" என்றாள்.

மே மாதம் ஸ்டோரில் தகராறு ஆரம்பித்தது. காலையில் தூறல் விழுந்த நாட்களில், வெட்டுக்காரர்கள் கொண்டுவந்த வாளிகளில் பாதிப் பால் மங்கிலேயே கட்டியாகி வந்தது. மங்கு என்பது மரத்தில் பால் வடிகிற சின்னக் கிண்ணம். மழை பட்டால் மங்குப் பால் நீர்த்துப்போகும், வழிந்து கீழே ஓடும். இப்படித் திரண்டு நிற்காது. எனக்குத் தெரிந்த மழை அப்படித்தான்.

"என்னா லியோனார்ட், ஆசிட் வாளியையும் பால் வாளியையும் ஒண்ணா கழுவுறியா?" என்றார் மனோகரன்.

"நான் பதினோரு வருசமா கழுவுறேன் சார். இப்பத்தான் புத்தி கெட்டுப்போச்சா?"

"அப்ப வெட்டுக்காரவங்க வேணும்னே செய்யிறாங்களா?"

பால் உறையாமலிருக்க வாளியில் ஊற்றுகிற அமோனியாவை மறந்திருப்பார்கள் என்று அவர்கள் தலையில் கட்டிவிட்டு நழுவினேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை.

சிரிலுக்கு அப்போது ஐந்து மாதம். நான்கு மாதம் வரை தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை போட்டிருந்தவன், வாந்தி எடுக்கத் தொடங்கினான். வயிறு பலகை மாதிரி இறுகிப்போகும். முட்டியை மடக்கி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு கத்துவான். மூன்று நாளைக்கு ஒருமுறைகூட வெளிக்குப் போகமாட்டான். உதடு வெளுத்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரஸர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "பல்லு மொளைக்கப் போவுது" என்று வயிற்றுவலி மருந்து கொடுத்தார். நாங்கள் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தோம். ஜோன் தண்ணீரை இன்னும் அதிக நேரம் கொதிக்க வைத்தாள். சட்டியில் பாதி வற்றும்வரை கொதிக்க வைப்பாள்.

ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் சைக்கிள் டியூபில் ஓட்டை. ஒட்டுவதற்காகப் பின்னால் இருந்த ரப்பர் மரத்திலிருந்து கொஞ்சம் பால் எடுத்து டின்னில் வைத்திருந்தேன். அமோனியா படாத பச்சைப் பால். கொஞ்சம் கெட்டியாக இருந்தது. இளக்குவதற்கு நீல டிரம்மிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து ஊற்றிக் குச்சியால் கலக்கினேன்.

பால் திரிந்தது. முதலில் நூல் நூலாக ஓடியது. பிறகு வெள்ளைப் பூவாகத் திரண்டு குச்சியில் சுற்றிக்கொண்டது. ஸ்டோர் தொட்டியில் தினமும் நான் பார்க்கிற அதே காட்சி. என் கையால் அளந்து ஊற்றியதுபோல் இருந்தது.

டின்னைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வேறொரு டின்னில் பால் எடுத்துவந்து குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். அது நீர்த்துப்போனதே தவிர உறையவில்லை. மறுபடி டிரம் தண்ணீர். மறுபடி உறைந்தது. ஆசிட் டிரம். ஏழு முறை கழுவினேன், எட்டாவது முறை கழுவவில்லை. எட்டு வருடம் தவமிருந்து பெற்ற பிள்ளைக்கு நானே ஆசிட் கொடுத்திருக்கிறேன். உள்ளே ஜோன் அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, பாட்டு மாதிரி எதையோ முனகிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே ஓடிப்போய் டிரஸரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? டிரம்மைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினேன்.

"ஏன்ங்க கொட்டுறீங்க?" என்று ஜோன் வாசலுக்கு வந்து கேட்டாள்.

"புழு விழுந்திருக்கு."

செல்லாயி அக்காவிடம் ஓர் இரும்பு டிரம் சும்மா கிடந்தது. அதை இரவல் வாங்கி பீலிக்குக் கீழே வைத்தேன். ஆசிட் டிரம்மை உருட்டிக்கொண்டு போய் ஸ்டோருக்குப் பின்னால் புதரில் தள்ளினேன். திருடன்போல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு தள்ளினேன். சாயங்காலமே மழை வந்தது. புது டிரம் நிறைந்தது. இனி சரியாகிவிடும், ஆசிட் வயிற்றை விட்டுப் போய்விடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பிள்ளையை மறுபடியும் டிரஸரிடம் காட்டினோம். அவர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "பால் தவிர வேற ஏதாச்சும் குடுத்தீங்களா?"

ஜோன் இல்லை என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நானும் இல்லையென்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மூன்று நாள் அப்படியே ஓடியது. பிள்ளை தேறவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பு குறைந்தது. கண்ணைத் திறந்து எங்கேயோ பார்த்துக்கொண்டு கிடந்தான். ஆசிட் டிரம் போய்விட்டதே, பிறகும் ஏன் என்று எனக்குள் அரிக்கத் தொடங்கியது. நான்காம் நாள், மத்தியானம் ஸ்டோரிலிருந்து ஒரு டின் நிறையப் பச்சைப் பால் கொண்டுவந்தேன். செல்லாயி அக்காவின் இரும்பு டிரம்மிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொஞ்சம் ஊற்றினேன்.

உறைந்தது.

அடுத்த வீட்டு வாளித் தண்ணீரை ஊற்றினேன். உறைந்தது. லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பீலிக்குக் கீழே இருந்த எட்டுப் பாத்திரத்திலும் எடுத்துப் பார்த்தேன். எட்டிலும் உறைந்தது. செல்லாயி அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"என்னா தம்பி, பேய் பிடிச்சவன் மாதிரி வீடு வீடா போற?"

"அக்கா, ஒரு பேசின் குடுங்க. நல்லா கழுவுனது."

வானம் இருட்டிக்கொண்டிருந்தது. எனாமல் பேசினைக் கொண்டுபோய்க் கூரையும் மரமும் இல்லாத காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தின் நடுவில் வைத்தேன். மழை கொட்டியது. நான் நனைந்துகொண்டே பக்கத்தில் நின்றேன். நாலு விரல் தண்ணீர் சேர்ந்ததும் அதில் பாலை ஊற்றினேன். கூரைத் தண்ணீர் அளவுக்கு வேகம் இல்லை. மெதுவாக, ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரத்தில், நூல் நூலாகத் திரிந்து அடியில் படிந்தது.

டிரம்மில் ஒன்றும் இல்லை. என் கையிலும் இல்லை. கட்டியாகி வருகிறதென்று ஸ்டோரில் நாங்கள் திட்டிக்கொண்டிருந்த பால், வெட்டுக்காரர்கள் செய்த வினை இல்லை. மழையே அப்படித்தான் இருந்தது.

அப்போது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் செய்யவில்லை, நான் செய்யவில்லை என்று மனசு குதித்தது. பிள்ளை செத்துக்கொண்டிருக்கும்போது தகப்பனுக்கு வந்த நிம்மதி. நான் வெட்கமில்லாமல் அதை எழுதுகிறேன், ஏனென்றால் அது உண்மை. அந்த நிம்மதி எவ்வளவு நேரம் நின்றது? தலையைத் தூக்கி மேலே பார்க்கிற வரைக்கும். மழை என் முகத்தில், கண்ணில், வாயில் விழுந்துகொண்டிருந்தது. டிரம்மைப் புதரில் தள்ளலாம். இதை எங்கே தள்ளுவது? வாயை இறுக மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஓடும்போதே ஜோன் கூப்பிடும் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை. அன்றைக்குக் கூப்பிட்டாள். உள்ளே போனால், பிள்ளையின் உடம்பு வில்லாக வளைந்து, கண் மேலே செருகி, ஒரு கையும் ஒரு காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன.

மனோகரனின் காரில்தான் சுங்கைப் பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பால் தகராறில் என்னோடு மூன்று வாரமாகப் பேசாதவர், மழையில் குடைகூட இல்லாமல் வந்து காரை எடுத்தார். வழியில் இரண்டு முறை வலிப்பு வந்தது. ஜோன் சிலுவை போட்டபடியே இருந்தாள். கார்க் கண்ணாடியில் தண்ணீர் வழிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துளி உள்ளே தெறித்தாலும் என் சட்டையால் பிள்ளையின் முகத்தை மூடினேன்.

ஆஸ்பத்திரியில் மலாய்க்கார டாக்டரம்மா ஒருவர், சின்ன வயசு, பிள்ளையின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். பால் கரைக்க என்ன தண்ணீர்?

"ஆயர் ஹூஜான்" என்றேன். மழைத்தண்ணீர்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் அரைகுறை மலாயில் டிரம், டின், எட்டு வீடு, பேசின், பேட்டரித் தொழிற்சாலை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என்னைப் பைத்தியம் என்று நினைப்பார் என்றிருந்தேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பிள்ளையின் ரத்தம் பினாங்குக்குப் போய் வந்தது. ரத்தத்தில் ஈயம் என்றார்கள். தொழிற்சாலைப் புகையில் ஈயத் தூளும் இருக்கிறது, ஆசிடும் இருக்கிறது. தூள் கூரையில் படிகிறது. ஆசிட் மழை அதைக் கரைத்து, கூரை ஆணியின் ஈயத்தையும் தின்று, டிரம்முக்குள் இறக்குகிறது. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"கொதிக்க வச்சுத்தானே குடுத்தேன்" என்றாள் ஜோன். "பாதியா வத்துற வரைக்கும் கொதிக்க வச்சேனே."

அதை நான் மலாயில் சொன்னேன். தண்ணீர்தான் ஆவியாகப் போகும், ஈயம் போகாது, வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும் என்று டாக்டரம்மா சொன்னார். அதைத் தமிழில் ஜோனிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி வார்டு வராந்தாவில் அந்த மூன்று நாளைப் பற்றி அவளிடம் சொன்னேன். புழு விழுந்தது பொய், டிரஸரிடம் தலையாட்டியது பொய் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"எனக்கு இப்ப ஒங்க மேல கோவப்படக்கூட தெம்பு இல்ல" என்றாள். "ஒண்ணே ஒண்ணு. பயம் வந்தா எங்கிட்ட சொல்லிப்புடுங்க. ஒங்க பயத்த நீங்களே வச்சிக்கிட்டு எம்புள்ளைய விட்டுறாதீங்க."

நாற்பத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்தான். இடது கால் மட்டும் கொஞ்சம் இழுத்தது. பேச்சு வர நாளாகும், வந்தாலும் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். பிழைத்ததே போதும் என்று சொன்னவர்களையெல்லாம் எனக்குப் பிடிக்காமல் போனது.

தோட்டத்துக்கு அவனைத் திரும்பக் கொண்டுவர ஜோன் சம்மதிக்கவில்லை. எனக்கும் தைரியமில்லை. அவளுடைய அக்கா அகத்தா, கோத்தா கோலா மூடாவில் இருந்தாள். அவள் புருஷனுக்கு அங்கே ஐஸ் தொழிற்சாலையில் வேலை. கடற்கரை ஊர், புகையே இல்லை, காற்று சுத்தம் என்று அங்கே கொண்டுபோய் விட்டேன். நான் தோட்டத்திலேயே இருந்தேன். வாரம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பேன். தூரத்தில் இருந்தால் போதும் என்று அப்போது நினைத்தேன்.

தோட்டத்தில் நான் சும்மா இருக்கவில்லை. இரண்டு மங்கு, ஒரு டின் பச்சைப் பால், ஒரு போத்தல் மழைத்தண்ணீரோடு ஆபீசுக்குப் போய் மானேஜரின் மேசை மேலேயே உறைய வைத்துக் காட்டினேன். "நீங்க ஆசிட் டிரம்ல தண்ணி பிடிக்கிறீங்க" என்றார். மனோகரன்தான், "இது பேசின்ல பிடிச்ச தண்ணி சார், நான் பக்கத்துல நின்னேன்" என்றார். அப்படி அவர் நிற்கவில்லை. எனக்காகச் சொன்ன பொய். செல்லாயி அக்கா லயத்து மழை டிரம்மையெல்லாம் கவிழ்க்க வைத்தார். கவிழ்க்காத வீட்டு வாசலில் நின்று அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அரசாங்கத்துக்கு மனுக்கள் போயின. ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது வந்து போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

1985இல் ஒரு வழியாக நடவடிக்கை எடுத்தார்கள். மேட்டுக்கு மேலே அந்தத் தொழிற்சாலையின் பழைய புகைபோக்கியை இடித்துவிட்டு, புதிதாக ஒன்று எழுப்பினார்கள். எங்கள் ஸ்டோர் வாசலிலிருந்தே தெரிந்தது. பழையதைப்போல் மூன்று மடங்கு உயரம். அதிகாரி ஒருவர் வந்து எங்களையெல்லாம் பெரட்டுக் களத்தில் நிற்க வைத்து விளக்கம் சொன்னார். நல்ல மனுஷன்தான், சிரித்த முகம். இனி புகை மேலே போய்விடும், உங்கள் தோட்டத்தில் இறங்காது, நீங்கள் பயமில்லாமல் இருக்கலாம் என்றார். சிலர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"துவான், இங்க எறங்காட்டி வேற எங்க எறங்கும்?" என்று கேட்டேன்.

அவர் கையை மேற்கே விசிறிக் காட்டினார். "தூரமாப் போயிடும். கடல் பக்கம்."

அந்தச் சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் கோத்தா கோலா மூடா போனேன். சிரிலுக்கு இரண்டரை வயது. அகத்தா வீட்டு முற்றத்தில், காலை இழுத்து இழுத்து ஒரு கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு சத்தம் எழுப்பினான். வார்த்தை இல்லை, ஆனால் எனக்கான சத்தம் அது. ஜோன் வாசல் படியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தில் சதை வைத்திருந்தது. கடல் பக்கமிருந்து காற்று நின்று, மேட்டுப் பக்கமிருந்து வீசத் தொடங்கியது. வானம் கறுத்து, பெரிய பெரிய துளியாக மழை விழ ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு மழைக்குள் ஓடின. சிரிலும் ஓடினான். முற்றத்தின் நடுவில் போய் நின்று, தலையை அண்ணாந்து, வாயைத் திறந்தான்.

"பாருங்களேன் அவன" என்று ஜோன் சிரித்தாள். இரண்டு வருடத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. "இங்க மழ வந்தா வீட்டுக்குள்ள நிக்கவே மாட்டான்."

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் சிரிப்பு அப்படி இருந்தது. இந்த மழை நல்ல மழையாகவும் இருக்கலாம். புகைபோக்கி கட்டி ஒரு மாதம்தான் ஆகிறது. கையில் பாலும் இல்லை, மங்கும் இல்லை, பார்த்துச் சொல்ல எனக்கு எந்த வழியும் இல்லை.

"ஜோன்" என்றேன். "பொகபோக்கிய ஒசத்திட்டாங்க. பொக தோட்டத்துல எறங்காதாம். தூரமாப் போயிடுமாம்."

"நல்லதுதானே?"

"கடல் பக்கம்னு கை காட்டுனாரு."

அவள் கையிலிருந்த மீன் சட்டிக்குள் விழுந்தது. வானத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து மழைக்குள் இறங்கி, "சிரில், வாய மூடுப்பா, உள்ள வாய்யா" என்று கூப்பிட்டாள். நானும் இறங்கினேன். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து விளையாட வருகிறார்கள் என்று அவன் நினைத்துவிட்டான். கைக்கு எட்டாமல் காலை இழுத்துக்கொண்டு ஓடினான். நாங்கள் துரத்தத் துரத்த, திரும்பித் திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான், மழை அவன் வாய்க்குள் விழுந்துகொண்டிருந்தது.